நீத்துப்பெட்டியும் மூடல்பெட்டியும்: சாம்பல்தீவில் ஒரு பனையோலைக் கைவினைஞரின் கணக்கு

திருகோணமலையில் கைப்பணிப் பொருள் செய்து விற்றுச் சீவிக்கிறவர்கள் என்றால் எல்லாருக்கும் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளும் அங்கே வருகிற வெளிநாட்டுப் பயணிகளும்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். வைகாசி தொடங்கி புரட்டாதி வரை சீசன், அது நல்லா இருந்தால் இவர்களும் நல்லா இருப்பார்கள், அது படுத்தால் இவர்களும் படுப்பார்கள் என்பதுதான் பொதுவான எண்ணம். நான் இங்கே எழுதப்போகிற அக்காவின் கணக்குக் கொப்பிகள் வேறு கதை சொல்கின்றன. அவரைச் சீசன் தூக்கி விட்டதும் இல்லை, முழுதாக விழுத்தியதும் இல்லை. புரட்டாதி முடிகிறபோது வீட்டில் எவ்வளவு காய்ந்த பனையோலை இருந்தது என்பதுதான் ஒவ்வொரு வருடமும் அவருடைய அடுத்த வருடத்தைத் தீர்மானித்திருக்கிறது.

அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சாம்பல்தீவுப் பக்கம் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறேன், நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவேன். என் மூத்த சகோதரியோடு ஒன்றாகப் படித்தவர். சொந்த ஊர் சம்பூர். 2006இல் போரில் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் இருந்து, பிறகு மகளைக் கட்டிக் கொடுத்த இடத்தோடு சாம்பல்தீவுக்கு வந்தார். சம்பூர்க் காணிகள் 2015க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கிடைத்தபோது அண்ணன் குடும்பம் ஊருக்குப் போய்விட்டது, இவர் போகவில்லை. இதை எழுதாமல் இந்த ஆய்வு விளங்காது, ஏனென்றால் ஓலை சம்பூரில் இருக்கிறது, வாங்குகிறவர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள், நடுவில் கொட்டியாரக் குடா கிடக்கிறது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்திராவிட்டால் இந்தத் தொழிலே இப்படி நடந்திருக்காது. 396 மீற்றர் பாலம், அதன் வழியாகத்தான் ஓலைக்கட்டு பஸ்ஸில் ஏறி வருகிறது.

நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. அவர் பல வருடமாக எழுதி வைத்த கொப்பிகளையும் கடைக்காரர் கொடுத்த துண்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பொருளுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அவரையே மணி பார்த்துக் குறிக்கச் சொன்னேன். அதற்கு முதலில் அவர் சம்மதிக்கவில்லை. "தங்கச்சி, இழைக்கேக்க மணிக்கூடு பாத்தா கை ஓடாது" என்றார். அது உண்மைதான், கை ஓடுகிற வேலையில் இடையில் நிறுத்துவது எரிச்சல். ஆனால் மகள் போனில் நேரம் பிடித்துக் கொடுத்தாள், அதனால்தான் கீழே இருக்கிற கணக்கு கிடைத்தது.

முதலில் மூடல்பெட்டி. நடுத்தர அளவு, சிவப்பும் பச்சையும் சாயம் போட்ட, உள்ளே துணி வைத்துத் தைத்த பெட்டி. கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் இருக்கிற கடைகளிலும் உப்புவெளி விடுதிகளிலும் கண்ணில் படுகிற சாமான் இதுதான், அக்காவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் இதுதான். ஓலை 150 ரூபா, சாயம் 60, துணியும் நூலும் 90, ஆக 300. நேரம்: ஓலை வாருவது, சாயம் காய்ச்சுவது, இழைப்பது, விளிம்பு கட்டுவது, துணி தைப்பது எல்லாம் சேர்த்து ஆறு மணித்தியாலம். கடைக்கு அவர் கொடுத்து வந்தது 700 ரூபாவுக்கு, கடை விற்றது 1,500க்கு. மிச்சம் 400 ரூபா, ஆறு மணித்தியாலத்துக்கு. ஒரு மணித்தியாலத்துக்கு 67 ரூபா வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து அந்த வருட முடிவு வரை நாட்டின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,080 ரூபாவாக இருந்தது, எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் 135. அதாவது ஊரே பாராட்டுகிற அந்தப் பெட்டி, சட்டம் போட்ட அடிமட்டக் கூலியில் பாதியைத்தான் இழைத்த கைக்குக் கொடுத்தது.

இனி நீத்துப்பெட்டி. புட்டு அவிக்கிற கூம்புப் பெட்டி, சாயம் இல்லை, துணி இல்லை, யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. ஓலை 40 ரூபா. நேரம் ஒன்றரை மணித்தியாலம், கை பழகிய நாளில் அதைவிடக் குறைவு. வீட்டுக்கு வந்து வாங்குகிறவர்களிடம் 350 ரூபா. மிச்சம் 310, ஒரு மணித்தியாலத்துக்கு 200 ரூபாவுக்கு மேல். மூடல்பெட்டியைப் போல மூன்று மடங்கு! நான் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை, பிறகு மகளிடம் சொன்னது "அம்மம்மா இழைச்சதெல்லாம் இதுதானே".

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அது விலையைவிட முக்கியம் என்பது என் அபிப்பிராயம். மூடல்பெட்டி வாங்கியவர் இன்னொன்று வாங்க மாட்டார். அலுமாரியில் பத்து வருடம் இருக்கும். நீத்துப்பெட்டி ஆவியில் கிடந்து பழுதாகும், கருக்கும், விளிம்பு விடும், அதே வீட்டுக்காரர் திரும்ப வருவார். அரிசி புடைக்கிற சுளகும் அப்படித்தான், சாமான் சுமக்கிற கடகமும் அப்படித்தான். தேய்ந்து போகிற பொருளைச் செய்கிறவருக்குத்தான் வாடிக்கை என்று ஒன்று உண்டாகிறது. கைவினை என்றால் அழகுப்பொருள், காட்சிப்பொருள், பரிசுப்பொருள் என்று பயிற்சி வகுப்புகளிலும் கண்காட்சிகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அது எனக்குக் கோபம் வருகிற இடம். இந்தக் கடற்கரை ஊர்களில் சமையலறையில் இன்னும் ஓலைப் பெட்டி பாவிக்கிற ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கின்றன, அவர்களை யாரும் சந்தை என்று எண்ணுவதே இல்லை.

ஓலையும் காற்றும்

இந்தத் தொழிலின் வருடம் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் வியாபார ஆலோசனை சொல்ல முடியாது. சித்திரைக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று கிளம்பினால் ஓலை காயப் போட அதைவிட நல்ல காலம் இல்லை. இளம் பனைகளான வடலிகளில் கொக்கத்தடியால் எட்டுகிற குருத்தை வெட்டலாம், உயர்ந்த மரமென்றால் ஏறுகிறவர் வேண்டும். ஒரு மரத்தில் அடுத்தடுத்துக் குருத்து எடுத்தால் மரம் மெலியும், அதனால் சுற்றி மாற்றித்தான் வெட்ட வேண்டும். வெட்டிய குருத்தை விரித்து வெயிலில் சில நாள் போட்டு, இரவில் பனி படாமல் மூடி, வெள்ளையாக வந்த பிறகு ஈர்க்கு நீக்கிச் சுருட்டிக் கட்டுவார்கள். மழை ஒன்று இடையில் பெய்து விட்டால் அந்த ஓலையில் புள்ளி விழும், பிறகு எந்தச் சாயமும் அதை மறைக்காது.

ஆனால் அதே கச்சான் காற்றில் இழைப்பது கஷ்டம். காய்ந்த ஓலை மடிக்கும் இடத்தில் முறியும். ஈரத் துணியில் சுற்றி வைத்து, விடியற்காலையிலும் பொழுதுபட்ட பிறகும்தான் இழைக்க முடியும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் நிலைமை தலைகீழ். காற்றில் ஈரம் இருப்பதால் ஓலை இளகி, ஓலை கிழிக்கிற சிறு கத்தியான சத்தகத்தால் வார்ந்த இழை கைக்கு அடங்கி வரும், பகல் முழுக்க உட்கார்ந்து இழைக்கலாம். இழைப்புக்கு உகந்த காலம் மாரிதான். புது ஓலை காயாத காலமும் மாரிதான். எனவே கோடையில் சேர்த்த ஓலை இல்லாதவருக்கு மாரி முழுவதும் வேலை இல்லை.

இப்போது சீசனைப் பாருங்கள். கடற்கரை வியாபாரமும் அதே கோடை மாதங்களில்தான். அதனால் எல்லாரும் செய்கிற வழி என்னவென்றால், கோடையில் காய்ந்த ஓலையை உடனே பெட்டியாக்கி உடனே விற்பது. முறிகிற ஓலையோடு மல்லுக்கட்டி, நித்திரை முழித்து, கேட்ட விலைக்குக் கொடுத்து. மாரி வரும்போது கையில் ஓலையும் இல்லை, காசும் போய்விட்டிருக்கும். நுண்கடன் எடுத்தவர்கள் என்றால் இன்னும் மோசம், கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய கடனை ஐந்து மாத வருமானத்தை வைத்துக் கட்ட முடியுமா? கிழமைத் தவணை, பருவம் பார்த்து உழைக்கிறவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. இந்தக் கடன்களை வகுத்தவர்கள் ஒரு மாரியாவது இங்கே இருந்து பார்த்திருந்தால் அப்படி வகுத்திருக்க மாட்டார்கள்.

அக்காவும் பல வருடம் இப்படித்தான் ஓடினார். 2019 ஏப்ரல் 21 வரை.

2019

அந்த வருடம் நல்ல சீசன் வரும் என்று எல்லாரும் நம்பினார்கள். அக்கா முந்திய கோடையின் ஓலையில் மிச்சமிருந்ததை எல்லாம் தை தொடங்கி மூடல்பெட்டியாக்கி, ஒரு விடுதியின் அலுமாரியிலும் இரண்டு கடைகளிலும் கொடுத்து வைத்தார். கொடுத்து வைத்தார் என்றால், விற்ற பிறகு காசு என்ற பேச்சில். உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்த பிறகு நிலாவெளிக் கடற்கரையில் ஆளே இல்லை. பெட்டிகள் அலுமாரியிலேயே இருந்தன. ஐப்பசியில் போய்த் திருப்பிக் கேட்டபோது விடுதி பூட்டிக் கிடந்த அறையில் இருந்து எடுத்துக் கொடுத்தார்கள், பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்திருந்தது. யாரையும் குற்றம் சொல்ல அவர் விரும்பவில்லை, அவர்களும் நட்டத்தில்தான் இருந்தார்கள்.

அதைவிட அவருக்கு உறைத்த விஷயம் அந்த மாரியில் நடந்தது. ஊர் வீடுகளில் இருந்து நீத்துப்பெட்டி கேட்டு வந்தார்கள், பொங்கலுக்குச் சுளகு கேட்டு வந்தார்கள், கொடுக்க ஓலை இல்லை. இருந்த ஓலை எல்லாம் பூஞ்சணம் பிடித்த பெட்டிகளாக மூலையில் கிடந்தது. பெட்டியை ஓலையாக்க முடியாதே.

அடுத்த பங்குனியில் கொரோனா ஊரடங்கு. 2020 கோடையில் விற்க ஒன்றுமில்லாததால், போக்குவரத்துத் திறந்தவுடன் அண்ணன் பிள்ளைகளோடு சேர்ந்து வடலி ஓலை வெட்டிக் காயவைப்பதையே வேலையாக எடுத்துக்கொண்டார். பெட்டி ஒன்றும் இழைக்கவில்லை. அடுப்படிக்கு மேலே பரண் அடித்து, புகை படுகிற மாதிரி ஓலைச் சுருள்களை அடுக்கினார், இது பழைய காலத்து வழி, மாரி முழுக்க ஓலை பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தது. கார்த்திகையும் மார்கழியும் இழைத்த நீத்துப்பெட்டி, சுளகு, கடகம் எல்லாம் 2021 பொங்கலுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டன, அதுவும் சாம்பல்தீவு, உப்புவெளி, நகரம் என்று பக்கத்து இடங்களிலேயே. கொப்பியில் அந்த மாதப் பக்கம்தான் முதல்தடவையாக மாரி மாதம் ஒன்றில் வரவு செலவைத் தாண்டிய பக்கம்.

2022 பொருளாதார நெருக்கடி வந்தபோது இந்த மாற்றம் இன்னும் கைகொடுத்தது. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவளவில் இருந்து மே மாதம் 360 ஆனபோது சாயமும் லைனிங் துணியும் விலை ஏறின. சாயமில்லாத பொருளுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. பெற்றோல் இல்லாத மாதங்களில் சம்பூரில் இருந்து ஓலை கொண்டுவருவது பெரிய பாடு, ஆனால் பரணில் இருந்ததைக் கொண்டு சமாளித்தார்.

சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக. கொதிக்கிற சாயத்தில் ஓலையைப் போட்டு எடுத்தால் மட்டும் போதாது, எடுத்த பிறகு பச்சைத் தண்ணீரில் நிறம் இறங்காமல் வரும்வரை அலச வேண்டும், நிழலில் உலர்த்த வேண்டும். அலசாத சிவப்பு, வியர்வைக் கை பட்டாலே இறங்கும். கடற்கரைக்குக் கொண்டுபோகிற பை என்றால் கேட்கவே வேண்டாம். வாங்கியவரின் வெள்ளைச் சட்டையில் ஒருமுறை சிவப்பு ஒட்டினால் அந்த விடுதிக்கு மறுபடி சாமான் கொடுக்க முடியாது.

வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்த்தது

இணையத்தில் விற்றால் என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள். பார்த்தோம். இலங்கைக் கணக்குக்குப் பேபால் வழியாகப் பணம் வாங்க வழி இருக்கவில்லை, எனவே ரொறன்ரோவில் இருக்கிற உறவுக்காரப் பிள்ளை கைவினைப் பொருள் விற்கிற இணையத்தளமான எட்சியில் தன் பெயரில் கடை திறந்தாள். ஒரு பொருளைப் பட்டியலில் போட அமெரிக்கக் காசில் 20 சதம், நான்கு மாதத்துக்கு ஒருதரம் திரும்பவும் அதே 20 சதம். விற்றால் விலையில் 6.5 சதவீதம் போகும், 2022 ஏப்ரலுக்கு முன் அது 5 ஆக இருந்தது. பணம் கைமாறுவதற்குத் தனிக் கட்டணம். இதெல்லாம் தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாதது பார்சல்.

ஓலைப் பெட்டி எடை இல்லாதது என்று நம்பி கூரியரிடம் போனால், அவர்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை, பார்சல் பிடிக்கிற இடத்தையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் பிரித்தால் வருகிற கிலோ, உண்மையான எடையைவிடக் கூடினால் அதற்குத்தான் கட்டணம். 30க்கு 30, உயரம் 25 இருக்கிற ஒரு கடகம் கையில் தூக்கினால் அரைக் கிலோகூட வராது, அவர்களுடைய கணக்கில் 4.5 கிலோ. கடகத்தின் விலையைப் போல பல மடங்கு அனுப்புகிற செலவு. ஆனால் நீத்துப்பெட்டி கூம்பு. ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். ஒரு டசினைச் செருகி அடுக்கினால் 20க்கு 20, நீளம் 45 பெட்டிக்குள் அடங்கும், 3.6 கிலோ, ஒன்றுக்கு 300 கிராம். சிறிய ஓலைப் பெட்டிகளான குட்டான்களையும் அளவு வாரியாக உள்ளுக்குள் வைத்து அனுப்பலாம், சுளகும் விசிறியும் தட்டையாகப் போகும். எனவே தனித்தனியாக அனுப்புவதை விட்டுவிட்டு டசின் கணக்கில் ரொறன்ரோவுக்கு அனுப்பி, அங்கே தமிழ் ஆட்களுக்குள் அந்தப் பிள்ளை பிரித்துக் கொடுக்கிறாள். எட்சிக் கடை இப்போது பேருக்குத்தான் இருக்கிறது.

ஆடி ஆவணியில் ஊருக்கு வருகிற வெளிநாட்டுத் தமிழர் இன்னும் லேசான வழி, பயணப்பெட்டியில் இடம் பார்த்து அவர்களே கொண்டுபோவார்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்களுக்கு அக்கா ஒன்று சொல்லி அனுப்புவார்: விமான நிலையத்தில் ஓலைச் சாமான் இருக்கிறது என்று கட்டாயம் படிவத்தில் எழுத வேண்டும், ஒளித்தால் அபராதம். நன்றாகக் காய்ந்து, பூச்சி இல்லாமல், மண் ஒட்டாமல் இருந்தால் பார்த்துவிட்டு விடுவது வழக்கம்.

கடைகளும் விடுதிகளும் இப்போதும் வாங்குகின்றன, ஆனால் பேச்சு மாறிவிட்டது. விற்ற பிறகு காசு என்பது இல்லை, கொடுக்கும்போது பாதி, மாத முடிவில் மீதி. மூடல்பெட்டி 1,200 ரூபாவுக்குக் குறைய இல்லை. இரண்டு இடங்கள் இந்த விலைக்கு வேண்டாம் என்றன, ஒன்று எடுத்துக்கொண்டது. அது போதும், அவர் இழைக்க விரும்புகிற அளவு மூடல்பெட்டிக்கு அந்த ஒரு கடையே போதும். 1,200 என்றால் மணித்தியாலத்துக்கு 150 வருகிறது, நீத்துப்பெட்டியை இன்னும் எட்டவில்லை, ஆனால் அந்த நிறங்களும் பின்னலும் அவருக்கு விருப்பம், அதை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு விடுதிக்காரர் பெட்டியில் சிப்பியும் பவளத்துண்டும் ஒட்டித் தரச் சொன்னார், அக்கா மறுத்துவிட்டார். பவளம் எடுப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம், நிலாவெளிக்கு எதிரே பவளப்பாறை இருக்கிற புறாத்தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா, வாங்கிய பயணி விமான நிலையத்தில் மாட்டுவார். அதே விடுதியில் விருந்தினருக்கு இரண்டு மணித்தியாலம் இழைக்கச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு எடுக்கிறார், கூலி நல்லது, மொழிதான் பிரச்சினை, மகள் கூடப் போகிறாள்.

பதிவு செய்யாமல் இருந்தால் கண்காட்சிகளில் இடம் கிடைப்பதில்லை என்பதால் பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்தில் கேட்டு, தேசிய அருங்கலைகள் பேரவையில் பெயர் பதிந்தார். 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை யாழ்ப்பாணத்தில் இருப்பதால் இங்குள்ளவர்களுக்குத் தூரம், ஆனாலும் பயிற்சி எடுக்க நினைக்கிற இளம் பெண்கள் அதையும் விசாரிப்பது நல்லது.

தீராமல் இருப்பது ஓலை வெட்டுகிற ஆள். அண்ணனுக்கு வயது போகிறது, அவருடைய பிள்ளைகளில் ஒருவன் கட்டார் போய்விட்டான், மற்றவனுக்குக் கட்டுமான வேலையில் நாளொன்றுக்குக் கிடைக்கிற கூலி ஓலைக் கட்டில் வராது. மரம் ஏறுகிறவர்களை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது, அந்தப் பார்வை மாறாமல் இளைஞர்கள் இந்த வேலைக்கு வர மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. அக்கா இப்போது செய்திருப்பது, ஓலைக்கட்டின் விலையைத் தானே கூட்டி, சித்திரையில் பாதிக் காசை முன்பணமாகக் கொடுத்துவிடுவது. நீத்துப்பெட்டிக்கு 40 ரூபாவாக இருந்த ஓலைச் செலவு இதனால் 60 ஆகும். விற்கிற விலையை 400 ஆக்க வேண்டி வரும், ஆக்கினால் வாங்குவார்களா என்று அவருக்குத் தயக்கம். வாங்குவார்கள் என்று நான் சொல்லியிருக்கிறேன். வருகிற பொங்கலுக்கு முன் கொப்பியில் தெரிந்துவிடும்.